எது எதற்காகக் காத்திருக்கிறது? வீட்டு கேமிங் பிசியை மேம்படுத்தும் கணக்கு

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்குள் நுழைந்து "கேம் ஓடணும், நல்ல கார்டா ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் எந்தக் கடையிலும் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து மாட்டிய பிறகும் கேம் பழையபடியே திக்கித் திக்கி ஓடும். இல்லையென்றால் ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் பிசி பட்டென்று அணைந்துபோகும். பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டில் குறை இருக்காது. அந்த பிசிக்கு அப்போது தேவைப்பட்டது கார்டே இல்லை, அவ்வளவுதான்.

திரையில் ஒரு ஃபிரேம், அதாவது அசையும் காட்சியின் ஒரு தனிப் படம், எப்படி வருகிறது என்று தெரிந்தால் இது புரிந்துவிடும். யார் எங்கே நிற்கிறார், தோட்டா எங்கே பட்டது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்ற கணக்கை முதலில் பிராசஸர் முடிக்கிறது. முடித்ததைக் கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கிறது, கார்டு வரைகிறது. விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லி விநாடிதான் நேரம். 144 ஃபிரேம் என்றால் 6.9 மில்லி விநாடி. கார்டு ஒன்றை வரைந்துகொண்டிருக்கும்போதே பிராசஸர் அடுத்ததைத் தயார் செய்கிறது. ஆகவே இரண்டில் எது மெதுவோ அதன் வேகம்தான் மொத்த பிசியின் வேகம். பிராசஸருக்கு ஒரு ஃபிரேமுக்கு 12 மில்லி விநாடி ஆகிறது என்றால், உலகத்திலேயே விலை உயர்ந்த கார்டைப் போட்டாலும் 83 ஃபிரேமைத் தாண்டாது.

எனவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு மாலை நேரத்தை அளப்பதற்கு ஒதுக்குங்கள்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் எந்த நிறுவனத்தின் கார்டுக்கும் வேலை செய்யும். அதோடு வரும் ரிவா டியூனரையும் நிறுவினால் ஆடும்போதே திரை மூலையில் எண்கள் தெரியும். கார்டின் பயன்பாடு, கார்டு நினைவகம், பிராசஸரில் தனித்தனியாக வேலை செய்யும் ஒவ்வொரு த்ரெட்டின் பயன்பாடு, ரேம், வெப்பநிலை, ஃபிரேம் எண்ணிக்கை ஆகியவற்றை இயக்கிக்கொள்ளுங்கள். கேமில், ஃபிரேமை மானிட்டரின் வேகத்தோடு கட்டும் வி-சிங்கையும் ஃபிரேம் வரம்பையும் அணைத்துவிடுங்கள். அவை இருந்தால் அளவு பொய் சொல்லும். நீங்கள் வழக்கமாக ஆடும் கேமில், கூட்டமும் வெடிப்பும் நிறைந்த ஓர் இடத்தில் 20 நிமிடம் ஆடுங்கள்.

கார்டு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் பிசி கார்டுக்காகக் காத்திருக்கிறது. 60, 70 என்று தள்ளாடினால் கார்டு சும்மா இருக்கிறது, பிராசஸர் பின்தங்குகிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "பிராசஸர் 35 சதவீதம்தானே ஓடுது" என்பார்கள். 12 த்ரெட் உள்ள பிராசஸரில் ஒரே ஒரு த்ரெட் முழுமூச்சாக ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதமாகத்தான் தெரியும். கேமின் முக்கிய வேலை ஒன்றிரண்டு த்ரெட்டிலேயே ஓடுவதால் மொத்த எண்ணைப் பார்க்காமல் தனித்தனி த்ரெட்டைப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்குங்கள். ஃபிரேம் நன்றாக ஏறினால் கார்டுதான் இழுபறி. அசையவே இல்லையென்றால் பிராசஸர்தான்.

அளக்கும்போதே பைசா செலவில்லாத தவறுகள் சில கண்ணில் படும். மானிட்டர் கேபிள் கார்டில் இல்லாமல் மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகியிருக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி மாதக்கணக்காகியும் விண்டோஸ் அமைப்பில் அது 60-இலேயே நிற்கும். 3200 வேக ரேம் 2400-இல் ஓடிக்கொண்டிருக்கும். இவற்றைச் சரிசெய்த பிறகும் போதவில்லை என்றால்தான் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

ஓர் உதாரண பிசி

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு பிசியை முன்னால் வைத்துக்கொள்வோம். ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, ஒற்றைக் குச்சியாக 8 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, கேபினட்டோடு சேர்ந்து வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி). 2020 வாக்கில் அமைத்த பல வீட்டு பிசிக்கள் இதை ஒட்டியே இருக்கும்.

இதில் முதல் செலவு ரேம். 8 ஜிபி இன்றைய கேம்களுக்குப் போதாது. நிரம்பி வழிந்து எஸ்எஸ்டிக்குப் போகும்போதுதான் அந்தத் திடீர் திக்கல் வருகிறது. அதைவிட முக்கியம், ஒற்றைக் குச்சி என்பதால் பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே இருக்கும் இரண்டு பாதையில் ஒன்று மூடியே கிடக்கிறது. இரண்டு குச்சியாக 16 ஜிபி போட்டால் ரைசனில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி 2-ஆவதிலும் 4-ஆவதிலும் போட வேண்டும். 1-ஆவதிலும் 2-ஆவதிலும் போட்டால் இரண்டும் ஒரே பாதையில் போய் உட்காரும். பிறகு போர்டின் அடிப்படை நிரலான பயாஸுக்குள் போய், ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்க வேண்டும். சில ஏஎம்டி போர்டுகளில் அதற்கு டிஓசிபி என்று பெயர் இருக்கும். இயக்காவிட்டால் பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும் ரேம் 2133, 2400, 2666 என்று அடிப்படை வேகத்தில்தான் ஓடும்.

பழைய 8 ஜிபி குச்சியோடு அதே அளவில் வேறு கம்பெனிக் குச்சி ஒன்றைச் சேர்க்கலாமா? பல நேரம் ஓடும். சில நேரம் எக்ஸ்எம்பி வேகத்தில் நிலைக்காமல் வாரத்துக்கு இரண்டு முறை நீலத்திரை காட்டும். சேர்த்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓர் இரவு ஓடவிட்டு, ஒரு பிழைகூட வராமல் முடிகிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் வேகத்தை ஒரு படி இறக்கிச் சோதியுங்கள்.

ரேம் விஷயத்தில் காலக் கணக்கு ஒன்றும் உண்டு. 2025-இன் இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் பக்கம் தயாரிப்பாளர்கள் திரும்பியதுதான் காரணம். மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் தன் க்ரூஷியல் சில்லறை வணிகத்தையே மூடுவதாக அறிவித்தது. புதிய தலைமுறைக்குத் தாவுவது என்றால் போர்டு, பிராசஸரோடு டிடிஆர்5 ரேமும் சேர்த்து வாங்கியாக வேண்டும். கையில் ஓடுகிற டிடிஆர்4 பிசி இருந்தால் அதையே கடைசிவரை பயன்படுத்திக்கொள்வதுதான் இப்போதைக்குப் புத்திசாலித்தனம் என்பது எங்கள் கருத்து.

எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படியுங்கள்

கார்டுக்கு முன்னால் எஸ்எம்பிஎஸ்ஸா என்று யோசிப்பீர்கள். ஆமாம், கட்டாயம். கேபினட்டின் பக்கக் கதவைத் திறந்து எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளை டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். அதை விட்டுவிட்டு கீழே உள்ள சிறு கட்டத்தில் +12வி என்ற பத்தியைத் தேடுங்கள். அதற்கு நேரே 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். பிராசஸரும் கார்டும் வாங்கிக்கொள்வது இந்த 12 வோல்ட் பாதையிலிருந்துதான். மீதி வாட்டெல்லாம் இன்றைய பிசி அதிகம் தொடாத 3.3, 5 வோல்ட் பாதைகளில் காட்டிய கணக்கு. அதாவது அது நடைமுறையில் 216 வாட் எஸ்எம்பிஎஸ். தரமான 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே பத்தியில் 45 ஆம்பியரை ஒட்டி இருக்கும்.

ஜிடிஎக்ஸ் 1650 அதிகபட்சம் 75 வாட்தான் எடுக்கும் என்பதால் அந்த எஸ்எம்பிஎஸ் இதுவரை தாக்குப்பிடித்தது. ஆர்டிஎக்ஸ் 3060 என்றால் 170 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 115, ஆர்எக்ஸ் 6600 என்றால் 132, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி என்றால் 160. இவை சராசரிக் கணக்கு. மில்லி விநாடி நேரத்துக்கு இதைவிட வெகு அதிகமாகவும் இழுக்கும். அந்த நொடியில் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு சுற்று குறுக்கிட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடும். ஆட்டத்தின் நடுவே நீலத்திரைகூட இல்லாமல் பிசி அணைவதன் பின்னால் பெரும்பாலும் இருப்பது இதுதான். பாதுகாப்பு சுற்றே இல்லாத மலிவு எஸ்எம்பிஎஸ் என்றால் தான் போவதோடு போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

மேலே சொன்ன கார்டுகளுக்கு 80 பிளஸ் பிரான்ஸ் தரமுள்ள 550 அல்லது 650 வாட் போதும். 80 பிளஸ் என்பது எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் போகிறது என்பதற்கான சான்றுதான், உள்ளே உள்ள பாகங்களின் ஆயுளுக்கான சான்று அல்ல; அதற்கு வாரண்டி ஆண்டுகளைப் பாருங்கள். 5 ஆண்டு கொடுப்பவர்கள் அதை எண்ணித்தான் செய்திருப்பார்கள்.

கேபிள்களில் மூன்று எச்சரிக்கை. பிராசஸருக்கான 8 பின் 4-ஆகவும் 4-ஆகவும் பிரியும். கார்டுக்கான 8 பின் 6-ஆகவும் 2-ஆகவும் பிரியும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வயரிங் நேர்மாறு. நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள். கார்டுக்கு 8 பின் இல்லையென்று சாட்டா கேபிளிலிருந்து மாற்றும் சின்ன அடாப்டரைச் சிலர் கொடுப்பார்கள். சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் 54 வாட்டுக்குத்தான் வடிவமைக்கப்பட்டது, 8 பின் கேட்பது 150 வாட். உருகும். மூன்றாவது, கழற்றி மாட்டும் மாடுலர் கேபிள்கள். எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது பழைய கேபிளை அப்படியே விட்டுப் புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் செருகினால் பல சமயம் அழகாகப் பொருந்தும், ஆனால் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே நொடியில் செத்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிளை மட்டுமே பயன்படுத்துங்கள்.

கார்டு: வாட்டும் பாதையும்

இப்போது கார்டு. பி450 போர்டில் எந்த பிராசஸரைப் போட்டாலும் கார்டுக்கான ஸ்லாட், கார்டையும் போர்டையும் இணைக்கும் பிசிஐஇ முறையின் 3.0 வேகத்தில்தான் ஓடும். இன்றைய நடுத்தரக் கார்டுகள் பலவற்றில் பார்க்க முழு நீள ஸ்லாட் இருந்தாலும் உள்ளே 16 பாதைக்குப் பதில் 8 பாதைதான் இணைந்திருக்கும். ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600 எல்லாம் அப்படித்தான். 3.0-இல் 8 பாதை என்றால் விநாடிக்குச் சுமார் 8 ஜிபி. கார்டின் சொந்த நினைவகம் போதும்வரை இது பெரிதாகத் தெரியாது. நினைவகம் நிரம்பி ரேமுக்கும் கார்டுக்கும் போக்குவரத்து தொடங்கும்போதுதான் வலி. எனவே பழைய போர்டுக்காரர்கள் 8 பாதை, 8 ஜிபி என்ற சேர்க்கையைத் தவிர்ப்பது நல்லது. அதே விலைப் படியில் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 பாதையோடு வருகிறது. அதன் 16 ஜிபி வகை இந்த உதாரண பிசிக்கு அருமையாகப் பொருந்தும். பழைய ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபியும் 16 பாதைதான். வெறும் 4 பாதையும் 4 ஜிபியும் உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியைப் பழைய போர்டில் போடவே வேண்டாம்.

வாங்குவதற்கு முன் கேபினட்டுக்குள் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். பின்பக்கத் தகட்டிலிருந்து முன்பக்க ஃபேன்வரை எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் கணக்கு, கேபினட்டின் வெளி நீளம் அல்ல. மூன்று ஃபேன் கார்டுகள் 300 மில்லிமீட்டரைத் தாண்டும்.

பெரிய கார்டுகளில் வரும் 16 பின் இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் அது உருகிய செய்திகள் வந்தன. முழுதாக உள்ளே போகாமல் செருகியது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. இடைவெளி துளியும் தெரியாதவரை அழுத்துங்கள். செருகிய இடத்திலிருந்து சுமார் 35 மில்லிமீட்டருக்குள் கேபிளை வளைக்காதீர்கள்.

பிராசஸர் மாற்றம்: பொறுமை கேட்கும் வேலை

கார்டு மாற்றிய பிறகு அளந்து பார்த்து, இப்போது பிராசஸர் பின்தங்குகிறது என்று தெரிந்தால் அதற்குப் போகலாம். 2017-இல் முதல் ரைசன் வந்த அதே ஏஎம்4 சாக்கெட்டில் 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி வரை உட்காரும் என்பது இந்தப் பழைய பிசிக்காரர்களுக்குக் கிடைத்த வரம். 96 எம்பி கேச் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) கொண்ட 5800எக்ஸ்3டியும் 5700எக்ஸ்3டியும் இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது. 5600, 5700எக்ஸ் இரண்டும் நல்ல தேர்வு. பெயரில் கவனம் தேவை: எக்ஸ் இல்லாத 5700, 5500, ஜி என்று முடியும் 5600ஜி, 5700ஜி எல்லாம் லேப்டாப் வகைச் சில்லிலிருந்து வந்தவை. 32 எம்பிக்குப் பதில் 16 எம்பி கேச்தான் இருக்கும். கேமில் அந்தக் கேச்தான் பேசும்.

வரிசை முக்கியம். பழைய பிராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். புதியதை மாட்டிய பிறகு திரையே வராத போர்டில் பயாஸை மாற்ற வழியிருக்காது, போர்டிலேயே ஃபிளாஷ்பேக் பொத்தான் இருந்தால் ஒழிய. ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்த பென் டிரைவ், போர்டின் சரியான மாடலும் ரிவிஷன் எண்ணும், யூபிஎஸ் இணைப்பு மூன்றும் வேண்டும். பயாஸ் எழுதும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் கரண்ட் போனால் போர்டு கல்லாகிவிடும். விண்டோஸில் டிரைவ் என்க்ரிப்ஷன் இயங்கினால் பிட்லாக்கர் மீட்புச் சாவியை முன்பே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிராசஸர் மாறினால் அதனுள் இருக்கும், சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதியான டிபிஎம்மும் மாறிவிடும், மறுமுறை இயக்கும்போது விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கும்.

பிறகு கழற்றும் வேலை. ஏஎம்4 பிராசஸரின் அடியில் 1331 பின் உண்டு. சாக்கெட் அவற்றை லேசாகத்தான் பிடித்திருக்கும். கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவே நான்கைந்து வருடம் காய்ந்த, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டோ பசைபோல இறுகியிருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால், பூட்டிய நிலையிலேயே பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூலரோடு வந்துவிடும். பின்கள் வளையும், ஒன்றிரண்டு உடையவும் உடையும். இதைத் தவிர்க்க, கழற்றுவதற்கு முன் கால் மணி நேரம் ஏதாவது கேமை ஓட்டிப் பேஸ்ட்டைச் சூடாக்குங்கள். பிசியை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கி, கிளிப்பை அல்லது திருகை விடுவித்து, கூலரை இடமும் வலமுமாகச் சில டிகிரி மெல்லத் திருகுங்கள். பிடி விட்டு வழுக்குவது கைக்கே தெரியும். அப்போதுதான் தூக்க வேண்டும். அப்படியும் வளைந்துவிட்டால், உள்ளிருக்கும் லெட்டை எடுத்துவிட்ட 0.5 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சிலின் முனையைப் பின்னில் மாட்டி மெல்ல நிமிர்த்தலாம்.

புதிய ஏஎம்5 சாக்கெட்டிலும் இன்டெல்லிலும் பின்கள் போர்டின் பக்கம் இருக்கும். அங்கே பிராசஸரைத் தவறவிட்டால் வளைவது சாக்கெட். டிடிஆர்5 போர்டை முதல் முறை இயக்கும்போது ரேமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடம் கறுப்புத் திரையிலேயே நிற்கும். பழுதென்று நினைத்து அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும்.

இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸரைப் பழையதாக வாங்குவோர் கவனிக்க: தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறி நாளடைவில் பிராசஸரே தேய்ந்துபோகும் குறை அவற்றில் இருந்தது. 2024 ஆகஸ்ட் முதல் இன்டெல், பயாஸ் வழியாக வரும் மைக்ரோகோட் (பிராசஸரின் அடிப்படை நிரல்) திருத்தங்களை வெளியிட்டு, பாதிப்புக்குள்ளாகும் வகைகளின் வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்தது. பயாஸைப் புதுப்பித்தால் இனிமேல் தேயாது. ஏற்கெனவே தேய்ந்தது திரும்பாது.

அலுவலக ஐ7 பெட்டிகள்

சென்னையில் மலிவாகக் கிடைக்கும் இன்னொரு பொருள், கம்பெனிகள் கழித்துக்கட்டிய அலுவலக பிசிக்கள். "ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம்" என்று அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள். எத்தனையாவது ஐ7 என்பதுதான் கேள்வி. ஐ7 3770 என்றால் 2012-இன் சரக்கு. அதில் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இல்லாததால் சில புதிய கேம்கள் தொடங்கவே தொடங்காது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது 8-ஆம் தலைமுறையும் அதற்குப் பிறகும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வேலரன்ட் போன்ற கேம்கள் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0-உம், பிசி தொடங்குவதைச் சரிபார்க்கும் செக்யூர் பூட்டும் இல்லாமல் உள்ளே விடாது.

அதைவிடப் பெரிய சிக்கல் எஸ்எம்பிஎஸ். இந்தப் பெட்டிகள் பலவற்றில் வழக்கமான 24 பின் இணைப்பே இருக்காது. கம்பெனியின் சொந்த அளவு, சொந்த பின். கார்டுக்கான 6 பின், 8 பின் கேபிளும் பெரும்பாலும் இருக்காது. எனவே ஸ்லாட்டிலிருந்தே 75 வாட்டுக்குள் ஓடும் கார்டுகள்தான் போட முடியும்: ஜிடிஎக்ஸ் 1650-இன் தனி இணைப்பு கேட்காத வகை, 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. ஒல்லிப் பெட்டி என்றால் அவற்றிலும் அரை உயர வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். இந்த எல்லைகளைத் தெரிந்து வாங்கினால் 8 அல்லது 9-ஆம் தலைமுறைப் பெட்டி ஒரு மாணவருக்கு நல்ல தொடக்கம்.

கத்திரி வெயிலும் எர்த்தும்

எந்த ஊரில் ஓடும் பிசி என்பதும் பாகங்களின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஒரு கார்டு அறையைவிட 45 டிகிரி சூடாக ஓடும் என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரி ஏசி அறையில் அது 70. கத்திரி வெயிலில் 37 டிகிரி அறையில் அதே கார்டு 82. வெளிநாட்டு விமர்சனங்களில் பார்க்கும் எண்ணோடு 12 டிகிரியைக் கூட்டிப் படிக்கப் பழகுங்கள். கண்ணாடி முகப்பு, உள்ளே வண்ண விளக்கு என்று மூடிய கேபினட்டுகள் இந்த ஊருக்கு ஆகாது. முன்பக்கம் முழுக்க வலைக்கண், முன்னால் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, இது போதும். கம்ப்யூட்டர் மேசையின் கதவுபோட்ட அடிப்பெட்டிக்குள் கேபினட்டை வைத்தால் எத்தனை ஃபேன் போட்டாலும் தன் சூட்டையே திரும்பத் திரும்ப உறிஞ்சும். வெளியே எடுத்து வையுங்கள்; அதற்குச் செலவே இல்லை.

ஆஃப்டர்பர்னரில் கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். ஃபிரேம் சிறிதளவே குறையும், சூடும் ஃபேன் இரைச்சலும் நன்றாக இறங்கும். மே மாதத்துக்கு மட்டும் ஓர் அமைப்பாகச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். மின்கட்டணமும் இதில் சேர்த்தி: ஆடும்போது 300 வாட் இழுக்கும் பிசி தினம் 4 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட்.

திருவான்மியூர், பட்டினப்பாக்கம் போன்ற கடலோர வீடுகளில் உப்புக்காற்று ரேமின் தொடுமுனைகளை மங்கவைக்கும். நேற்றுவரை ஓடிய பிசி இன்று திரை வராமல் பீப் அடித்தால் முதலில் ரேமைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தங்க முனைகளைத் துடைத்து மீண்டும் மாட்டுங்கள். சர்வீஸ் கடைக்குப் போகாமலே பாதிப் பிரச்சினை இதில் தீரும்.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? அதை அலட்சியப்படுத்தாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் இரண்டு சிறு கெபாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டின் உடம்போடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் கசியும் அந்தச் சிறு மின்னோட்டம் தரைக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தாலோ மூன்று பின்னை இரண்டாக்கும் கன்வெர்ட்டரில் செருகியிருந்தாலோ கேபினட்டில் ஏறத்தாழ பாதி வோல்டேஜ், 115 வோல்ட்வரை, நிற்கும். உயிரைப் பறிக்கும் அளவு மின்னோட்டம் அதில் இல்லை. ஆனால் ஓடும்போதே டிவியின் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் அந்த வோல்டேஜ் கேபிள் வழியாகப் பாய்ந்து கார்டின் போர்ட்டைக் கருக்கிவிடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த சாக்கெட்டில் அளக்கச் சொல்லுங்கள்: ஃபேஸ் நியூட்ரல் 230, ஃபேஸ் எர்த் ஏறத்தாழ அதே, நியூட்ரல் எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். பழைய அடுக்ககங்களில் கடைசி எண் எகிறி நிற்பதைப் பார்க்கலாம்.

யூபிஎஸ்ஸில் 600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட்தான். நல்ல எஸ்எம்பிஎஸ்களில் இருக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி சுற்றுக்கும் மலிவு யூபிஎஸ் தரும் படிக்கட்டு அலைக்கும் சில சமயம் ஒத்துப்போகாது. கரண்ட் போனதும் யூபிஎஸ் இருந்தும் பிசி அணையும். வாங்கிய வாரத்திலேயே கேமை ஓடவிட்டு, யூபிஎஸ்ஸின் ப்ளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் பிசியை ஓட்டுபவர்கள் பின்பக்க ஸ்விட்சை யூபிஎஸ் நிலையில் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் பவர் ப்ளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, இன்டர்நெட் கேபிளையும் பிடுங்குங்கள். மொட்டைமாடி வழியாக வரும் செம்புக் கேபிளில்தான் மின்னல் பாய்ச்சல் உள்ளே வரும்.

கடையில்

ரிச்சி தெருவில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வார நாளில் காலையிலேயே போனால் கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும். ஜிஎஸ்டி பில்லில் பொருளின் சீரியல் எண் ஏற வேண்டும். "பில் இல்லாம எடுத்தா கம்மி" என்பதற்கு ஒத்துக்கொண்டால் 18 சதவீதத்தோடு மூன்று வருட வாரண்டியும் போகும். மதர்போர்டு வாங்கும்போது அங்கேயே பெட்டியைத் திறந்து, சாக்கெட் மூடியை எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் பின் வரிசைகளைச் சாய்வாகப் பார்த்து ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த பின்னை எந்தக் கம்பெனியும் வாரண்டியில் ஏற்காது. அது கடையிலேயே வளைந்திருந்தது என்று பிறகு நிரூபிக்க முடியாது.

பழைய கார்டு என்றால் இன்னும் கவனம். 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓட்டிச் சம்பாதிக்கும் மைனிங் முறையைக் கைவிட்டதும் ஆண்டுக்கணக்கில் இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியதாலேயே ஒரு கார்டு கெட்டுவிடாது. ஃபேனும் தெர்மல் பேடும்தான் முதலில் தேயும். பின்தகட்டின் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு, திருகுகளில் கீறல், ஃபேனில் கரகரப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஜிபியூ-இசட் என்ற மென்பொருளில் மாடலை உறுதிசெய்யுங்கள்; பழைய சில்லுக்குப் புதிய பெயரை எழுதிய போலிகளை அது பல சமயம் காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் 2304-க்குப் பதில் 2048 கோர் உள்ள வகையும் சுற்றுகிறது. அரை மணி நேரம் உண்மையான கேமில் ஓடவிட்டுப் பார்க்க அனுமதிக்காத இடத்தில் வாங்காதீர்கள். "ஒரு வாரம் டெஸ்டிங் வாரண்டி" என்றால் அந்தத் தேதியைப் பில்லிலோ துண்டுச் சீட்டிலோ எழுதி வாங்குங்கள்.

புதிய கார்டு ஓடத் தொடங்கியதும் பழையதை அன்றைக்கே விற்றுவிடாதீர்கள். ரைசன் 5 3600, 5600, எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்கள் எதிலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. புதியது இரண்டாம் மாதம் பழுதாகி வாரண்டிக்குப் போனால், அது திரும்பும்வரை திரையைக் காட்ட அந்தப் பழைய ஜிடிஎக்ஸ் 1650 மட்டும்தான் இருக்கும்.